காற்றில் விழுந்த அடி

"ஐயோ... அம்மா... செத்தேனே!"

சிறையின் தண்டனை அறை அதிர்ந்தது.

பிரம்பை வீசிய அடிகாரர் திகைத்து நின்றார்.

"சார்... நான் இன்னும் அடிக்கவே இல்லையே!"

உண்மைதான். புதிதாக மாற்றலாகி வந்தவர் அவர். முதல் அடிக்கு முன் ஒரு தரம் காற்றில் வீசிப் பார்ப்பது அவர் வழக்கம்.

அந்த 'விஷ்க்' சத்தத்துக்கே அலறியிருந்தான் 'சாவி'!

சுவரைப் பார்த்தபடி மரச்சட்டத்தில் கட்டப்பட்டிருந்தான். பூட்டு உடைப்பதில் சூரன். பிரம்படிக்கு வருவது இது நான்காவது முறை.

அடியைக் கண்காணிக்க உட்கார்ந்திருந்த சிறை டாக்டர் எழுந்தார். படிவத்திலிருந்த குண்டூசியை உருவி, அவன் முதுகுத் தழும்பில் அழுத்தினார்.

அசைவில்லை.

இன்னும் அழுத்தினார். ரத்தம் எட்டிப் பார்த்தது.

அசைவில்லை!

"எவ்வளவு நாளாடா இப்படி?"

"ரெண்டாவது தடவையிலேர்ந்து டாக்டர். மொத தடவை உயிரே போச்சு. பயந்து மூணு வருஷம் ஒரு பூட்டத் தொடல. ரெண்டாவது தடவை இருபத்துநாலு அடி... அப்புறம் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. பயமும் அதோட போயிடுச்சு."

"அப்ப இத்தனை நாள் கத்தினது?" சிறை அதிகாரி கேட்டார்.

"அடிக்கறவர் மனசு நோகக் கூடாதுல்ல சார்!"

அதிகாரி சிரிக்கவில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டி, மளிகைப் பட்டியல் படிப்பது போலப் படித்தார்.

"வலி தெரியாதவனுக்குப் பிரம்படி கிடையாது. பதிலுக்கு எட்டு வருஷம் உள்ளே."

"எட்டா...?"

கட்டுக்குள் திமிறித் திரும்பினான் சாவி.

"சார்... அடிச்சா இன்னிக்கே விட்டுடுவீங்கன்னு, பக்கத்து வீட்ல எம்பொண்ண விட்டுட்டு வந்தேன். ரெண்டு வயசு. தாயில்லாத புள்ள. எட்டு வருஷம் கழிச்சுப் போனா, 'யாரு மாமா நீங்க'ன்னு கேப்பா சார்!"

"பூட்ட உடைக்கறப்ப இது தெரியலையா?"

"அதான் சொன்னேனே சார்... மரத்துப் போச்சு."

"எழுதுங்க டாக்டர். வலி உணர்வு... இல்லை."

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

சாவி அலறினான்!

இந்த முறை ஐயோவும் இல்லை, அம்மாவும் இல்லை. தொண்டை கிழியும் வெறும் சத்தம். அடிகாரரின் கையிலிருந்து பிரம்பு நழுவி விழுந்தது.

டாக்டர் நிதானமாக எழுதினார்.

'வலி உணர்வு: உண்டு.'

"என்ன டாக்டர் இது? ஊசி குத்தினப்ப அசையவே இல்லையே அவன்!"

"நான் குத்தினது தப்பான எடம் சார்... நீங்கதான் கரெக்டா குத்தினீங்க!"