மன்னிப்புக் கேட்டுச் சுடுகிறவன்

“மன்னிச்சுக்கோங்க... சுட்டுப்போட்டேனுங்க.”

அந்தக் குரலைக் கேட்டதும் நந்திதா கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். மடக்கிய குடையிலிருந்து மழைநீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுச் சந்து ஒன்றின் மாடியில் இருந்தது அப்துல் மஜீத் பாயின் வீடியோ கேம் கடை. புதிதும் விற்பார், பழையதும் வாங்குவார். கடையின் நடுவில் ஒருவன் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காற்றைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான். பாதி முகம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. கண் தெரியவில்லை. ஆனால் குரல்...

செத்து விழுகிற எதிரியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் உண்டு. ஊரடங்குக் காலத்தில் அவளோடு ஆன்லைனில் விளையாடிய ‘பவானிசாகர்’. ஊர் பேர் தெரியாது, முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும். மாலையானால் போதும், அந்தக் குரலுக்காக லேப்டாப்பை மூடிவிட்டு ஓடியிருக்கிறாள்.

அவன் பின்னாலேயே நகர்ந்து வந்தான். இவள் விலகுவதற்குள் நச்சென்று அவள் காலை மிதித்தான்.

“ஐயையோ... பாக்கலீங்க.” பதறி ஹெட்செட்டைக் கழற்றினான். தூக்கத்திலிருந்து எழுப்பிய குழந்தையைப் போல விழித்தன கண்கள். பெரிய கண்கள். சுற்றிலும் ஹெட்செட் பதிந்த சிவப்புத் தடம்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா அன்றைக்கு அப்படிச் செய்தாய்... என்று நினைத்துக்கொண்டாள். வாய் வேறொன்றைச் சொன்னது.

“கண்ணைக் கட்டிக்கிட்டு வெளையாடுனா இப்படித்தான் ஆகும்.”

“உள்ள கடலே தெரியுதுங்க. ஒருக்கா மாட்டிப் பாருங்க.”

“வெளிய மழை பேயுது. அது தெரிஞ்சுதுங்களா?”

அவன் ஜன்னலைப் பார்த்து அசடு வழியச் சிரித்தான். பெயர் ரூபன் என்றான். சத்தியமங்கலத்துக்காரன். இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. இவள் தன் பெயரை மட்டும் சொன்னாள்.

பையிலிருந்த கேம் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். விற்க வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ரூபனுக்கு முகம் வாடிவிட்டது. இந்த மாடல் இனிமேல் வராது, ரெண்டு கன்ட்ரோலரோடு இருக்கிறது, இதை யாராவது விற்பார்களா என்று அவள் பொருளுக்காக அவளிடமே வாதாடினான். இத்தனை ஆசை இருக்கிறவருக்கு ஹெட்செட் எதற்கு என்று இவள் மடக்கினாள். அதை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லாமல் என்ன விளையாட்டு?

அவளுக்குத் துடியலூர் வீட்டின் பழைய டிவி நினைவுக்கு வந்தது. கேம் கேசட்டை உருவி, அடியில் ஊதி, மறுபடி செருகினால்தான் படம் வரும். தம்பி யஷ்வந்தும் அவளும் ஒரே பாயில் உட்கார்ந்து, தோற்கப்போகிற நேரத்தில் தோளால் இடித்துக்கொள்வார்கள். “அம்மா, அக்கா இடிக்கிறா!” அம்மா வந்து சுவிட்சை அணைப்பாள். அந்தத் தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான். வாரம் ஒரு முறை வீடியோ காலில் வருகிறான். தோள் மட்டும் எட்டுவதில்லை.

இந்தப் பெட்டி அவள் முதல் சம்பளத்தில் வாங்கியது. அது அலமாரியில் ஏறியதற்குக் காரணம் இதோ எதிரில் நிற்கிறது. கேட்கக் கூடாது, கேட்டால் தான் இவ்வளவு காலம் ஏங்கியது தெரிந்துபோகும் என்று வைராக்கியமாகத்தான் நின்றாள். ஆனால் மனசு கேட்கவில்லை.

“ஆன்லைன்ல வாய்க்கு வந்ததைப் பேசறவங்களைக்கூட மன்னிச்சரலாங்க. அதைக் கேட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போறவங்க இருக்காங்க பாருங்க... அவங்களாலதான் விக்கிறேன்.”

ரூபனின் சிரிப்பு நின்றது. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“எனக்கொரு கூட்டாளி இருந்தாருங்க. பட்டாணின்னு பேரு வச்சிருந்தாரு...”

நந்திதா நிமிர்ந்து பார்த்தாள். பட்டாணி அவள்தான். பெண் குரல் கேட்டாலே கண்டபடி பேசுகிறவர்கள் உண்டு என்று அவள் மைக்கைத் திறந்ததே இல்லை. பவானிசாகர் அவளைப் பள்ளிக்கூடத்துப் பையன் என்றே நினைத்துக்கொண்டான். வணக்கமுங்க தம்பி, பரீட்சைக்குப் படிச்சீங்களா தம்பி, சாப்பிட்டுப்போட்டு வாங்க தம்பி... ஐடி கம்பெனியில் டீம் லீடராக இருந்தவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவன் வணக்கம் சொல்லும்போதெல்லாம் இவள் பொம்மை திரையில் இரண்டு தடவை உட்கார்ந்து எழும். அதுதான் அவள் பதில் வணக்கம்.

ஒரு நாள் தைரியம் வந்து மைக்கைத் திறந்தாள். ‘நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்’ என்றாள். அவ்வளவுதான். கூட ஆடிக்கொண்டிருந்த வேறு இருவர் காது கூசும்படி பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்து அழுதாள். மறுபடி திரையைப் பார்த்தபோது பவானிசாகர் ஆட்டத்திலேயே இல்லை. அவளும் தன் கணக்கை அன்றே அழித்துவிட்டாள்.

ரூபன் அதே நாளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். “தம்பின்னு நெனச்சது ஒரு பொண்ணுங்க. ‘வாரேன்’னு சொன்னதுமே நம்மூர்ப் பொண்ணுன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்களைப் போயி அந்த ரெண்டு பேரும்... எங்க ஊட்ல நாயைக்கூட மரியாதையாத்தானுங்க கூப்புடுவோம். அன்னைக்கு மரியாதையெல்லாம் காத்துல போயிருச்சு. எனக்கே தெரியாத வார்த்தையெல்லாம் வந்துச்சு. அவனுக எம்மேல புகார் குடுத்துட்டானுக. பேச்சு சரியில்லைன்னு கேம்காரங்க என்னைய அங்கயே வெளிய தள்ளிப்போட்டாங்க.”

“உங்களையா?”

“என்னையத்தானுங்க. அப்புறம் புதுக் கணக்குத் தொடங்கித் தேடுனேன். பட்டாணி இல்லை. ஓடிப்போயிட்டான்னுதான அந்தப் பொண்ணு நெனச்சிருக்கும்... இன்னைக்கு வரைக்கும் அது ஒண்ணுதானுங்க உறுத்துது.”

வெளியே மழை வலுத்தது. நந்திதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனை வருசக் கோபம்! உலகத்திலேயே மரியாதையான ஒருவனை, அவளுக்காகக் கெட்ட பேச்சுப் பேசினான் என்று துரத்தியிருக்கிறார்கள். அவளும் அவனைக் கோழை என்றே நம்பி, வீம்பாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குள் மஜீத் பாய் டிவியில் வயரை மாட்டிவிட்டு வந்தார். பழைய பெட்டி எதுவானாலும் ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினால்தான் அவர் வாங்குவார். கடை தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

“அம்மணி, நீ ஒண்ணைப் புடி. ரூபா, நீ சும்மாதான இருக்கே, இன்னொண்ணைப் புடி.”

சின்ன பெஞ்சு. தோளும் தோளும் படுகிற இடம். ரூபன் கூச்சத்தோடு ஒடுங்கி உட்கார்ந்தான். திரையில் இரண்டு பொம்மைகள் வந்து நின்றன.

“வணக்கமுங்க,” என்றான் பழக்க தோஷத்தில்.

நந்திதாவின் பெருவிரல் பொத்தான்மேல் நின்றது. விற்றுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விடலாம். அவனுக்கு ஒன்றும் தெரியாமலே போகும். அவள் வீம்பும் குலையாமல் இருக்கும்... பெருவிரல் பொத்தானை அழுத்தியது.

அவள் பொம்மை உட்கார்ந்து எழுந்தது. மறுபடியும் உட்கார்ந்து எழுந்தது.

ரூபன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். எதிரிகள் வந்து அவன் பொம்மையைச் சுட்டுச் சாய்த்தார்கள். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெரிய கண்கள் அவளையே பார்த்தன. நனைந்திருந்தன.

“பட்டாணி... தம்பீங்களா?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. “பரீட்சையெல்லாம் எப்பவோ பாஸ் பண்ணிட்டேனுங்க.”

“நீங்க உள்ள வந்து பேசுனதுல இருந்தே மனசு ஒரு மாதிரியா இருந்துச்சுங்க. ஒரே ஒரு வரி கேட்டதை வச்சு எப்படிக் கேக்கறதுன்னு...” குரல் இறங்கியது. “அந்த ஒரு வரிக்காகத்தானுங்க நான் இன்னும் வெளையாடறேன். மறுபடி எங்கயாவது கேக்காதான்னு. உங்களைப் பாக்காமயே புடிச்சுப்போச்சுங்க... பாத்ததுக்கப்புறம் சொல்லாம இருக்க முடியல.”

நந்திதா தோளால் அவனை மெல்ல இடித்தாள்.

“பெட்டி நல்லாத்தான் இருக்குது. விலை பேசலாமா?” என்று கேட்டார் மஜீத் பாய். விற்கவில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் வயரைச் சுருட்டிக் கொடுத்தார்.

மழை விடவில்லை. குறுகலான மாடிப்படி, ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். ரூபன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதலில் அவள் போகட்டும் என்று ஒதுங்கி நின்றான்.

நந்திதா குடையை அவன் கையில் கொடுத்தாள். அன்றைக்குப் பாதியில் நின்ற ஆட்டத்தை அங்கிருந்தே தொடங்கினாள்.

“நீங்க முன்னால போங்க... நான் பின்னால வாரேன்.”