செம்மண் மேட்டில் கறுப்புத் துணி

"ஏமண்டி... உள்ள யாரு? அந்தத் துணியக் கொஞ்சம் எடுங்க, படத்துல விழுது!"

பதிலுக்குக் காத்திராமல், கல்யாணப் படம் எடுக்க வந்த நூக்கராஜுவே கறுப்புத் துணியைத் தூக்கினான். உள்ளே, செம்மண் சுவரிலிருந்து இரும்புக் குழாயை உருவிக்கொண்டிருந்த மண் ஆய்வாளர் ஹைமவதி வெயிலில் கண் கூசி நிமிர்ந்தாள். அந்தக் கண்கள்... வந்த வேலையே அவனுக்கு மறந்துவிட்டது.

"போச்சு, எல்லாம் போச்சு! ஆயிரமாயிரம் வருஷமா வெளிச்சமே படாத மணல் இது. இது எப்போ புதைஞ்சுதுன்னு கண்டுபிடிக்க, இருட்டுலயே எடுக்கணும். நீங்க வெயிலக் காட்டிட்டீங்க!"

"ஃபோட்டோ கழுவுற ரூம்னு ஒரு போர்டு வெச்சிருக்கலாமே மேடம்?"

அவன் சிரிப்பு அவளுக்கு எரிச்சலூட்டியது. காவலாளியைக் கூப்பிட்டாள். படத்துக்காகச் சரிவில் ஏறி நின்ற மணமக்களோடு அவனும் வெளியேற்றப்பட்டான்.

"ஊர்ல வேற ஃபோட்டோக்காரனே கிடைக்கலையா?" என்று மணமகனின் மாமா எல்லார் முன்னும் கேட்டார். நூக்கராஜு தலைகுனிந்து வேனில் ஏறினான். வேனில் அவன் பெயரும் பீமிலி ஸ்டுடியோ முகவரியும் எழுதியிருந்ததை ஹைமவதி பார்த்தாள்.

பிறகு ஓயாத மழை. விசாகப்பட்டினத்து ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தாலும் ஹைமவதியின் கண்ணுக்குள் அந்தக் குனிந்த தலைதான்... கடல் விலகி, காற்று மணலைக் குவித்து, அதிலிருந்த இரும்பு மெல்ல மெல்லத் துருவேறிச் சிவந்த மேடு அது. அவ்வளவு பொறுமையான மண்ணைப் படிக்கிறவளுக்கு ஒரு மனிதனிடம் ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லையே! அவன் தெரியாமல் செய்தான். நான்? ஆனால் மன்னிப்புக் கேட்கக் கௌரவம் விடவில்லை.

ஒரு மாலை, பீமிலி பஸ்ஸில் ஏறியேவிட்டாள்.

"பாஸ்போர்ட் சைஸா மேடம்?" ஸ்டுடியோவில் அவன் முகம் கொடுக்கவில்லை.

"ம்... ஆமா."

"உக்காருங்க. சிரிக்கக் கூடாது."

கேமராவுக்குப் பின்னால் குனிந்தவன் மெல்ல நிமிர்ந்தான்.

"எடுக்கலையா?"

"கண்ணு கலங்கியிருக்கு..." அவன் குரல் இறங்கியது.

"நான் ஃபோட்டோவுக்கு வரல, ராஜுகாரு. அன்னிக்கு உங்கள அவமானப்படுத்திட்டேன்... மன்னிச்சிருங்க."

"நானும்தான் உங்க மணலக் கெடுத்தேன். மறுபடியும் மேட்டுக்கு வந்தேன். நீங்க இல்ல."

"படம் எடுக்கவா வந்தீங்க?"

"வீட்டுல அப்படித்தான் சொன்னேன்... கேமராவ எடுத்துட்டுப் போகவே இல்ல."

அவளுக்குக் கன்னம் சூடேறியது. தெருவில் மழை வலுத்தது.

"மன்னிப்புக் கேக்கத்தான் பஸ் ஏறினேன். இறங்கும்போது அது மட்டும் இல்லன்னு புரிஞ்சுது... எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. சொல்லிட்டுப் போயிடலாம்னு..."

அவன் எதிரில் வந்து நின்றான்.

"சொல்லிட்டீங்கள்ல? அப்புறம் ஏன் போறீங்க?"