சான்றிதழில் இருந்த பெயர்

மடிக்கணினியோடு பொறியாளர் இதயப் பிரிவுக்குள் நுழைந்தபோது நல்ல மத்தியானம். ஜன்னலில் வெயில் அடித்தும் உள்ளே ஈரத்துணி வாடை. மருந்து ஏற்றும் பம்புகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மண்டையைப் போட்டிருந்தன. புது மென்பொருளை இறக்கிப் போட்டால்தான் ஓடும். அதுவரை நர்ஸ் கையாலேயே மருந்து கொடுத்துச் சமாளித்தார்.

படுக்கையில் கிடந்தவர் அந்தப் பெண் பொறியாளருடைய மேலாளர். அந்த நிலையிலும் மனுஷருக்கு அதிகாரம் அடங்கவில்லை.

"இன்னுமா முடியல?"

"கோப்போட சரிபார்ப்பு எண், அந்த செக்சம், பொருந்தல சார். இறங்கின கோப்பு கம்பெனியோடது இல்ல."

பாதியில் கெட்ட கோப்பு என்றால், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் வேறு வேறு எண் காட்டும். இது எத்தனை முறை இறக்கினாலும் ஒரே தவறான எண்ணைக் காட்டியது. கெட்டதல்ல. யாரோ செய்து வைத்தது.

கோப்பை யார் வழங்கியது என்று காட்டும் சான்றிதழும் செல்லாது என்றது கணினி. கணினியில் தேதி தவறாக இருந்தால் அப்படி வரும். பார்த்தாள், இரண்டு வருடம் பின்தங்கியிருந்தது. திருத்தினாள்.

கண்ணெதிரே பழைய தேதிக்கே திரும்பியது.

சான்றிதழைத் திறந்தாள். வழங்கியவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். கட்டிலருகே இருந்த மேலாளரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"என் தங்கச்சி," என்றார் மெல்ல. "அந்தத் தேதி, அவ செத்த நாள்."

அந்தக் கதை அலுவலகமே அறிந்தது. தங்கை இங்கே பொறியாளராக இருந்தவள். செக்சம் பொருந்தாமல் எதையும் போடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். மச்சினிதானே என்று அலட்சியப்படுத்தி, மேலாளர் தானே 'ஆனாலும் தொடர்' பொத்தானை அமுக்கினார். ஒரு நோயாளி செத்தார். பழியை அவள் தலையில் கட்டினார்கள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அவமானம் தாங்காமல் போய்ச் சேர்ந்தாள். படுபாவிகள்.

"பேராவது ஊராவது! குழாய மாட்டு, நானே அமுக்கறேன். எச்சரிக்கையெல்லாம் பாத்தா பொழப்பு நடக்குமா?"

நர்ஸ் தயங்கியபடி மாட்டினார்.

"வேணாம் சார்! அக்கா, நீங்களாவது சொல்லுங்க!" என்று பொறியாளர் மேலாளரின் மனைவியைப் பார்த்தாள்.

அக்காவோ, கணவரின் கைக்கு எட்டும்படி மடிக்கணினியை நகர்த்தி வைத்தார்.

அமுக்கினார்.

பம்பு ஓடியது. வேகமாக. இன்னும் வேகமாக. நர்ஸ் குழாயைப் பிடுங்கப் பார்த்தார்; வரவில்லை. பொறியாளர் மின்கம்பியை உருவினாள், பேட்டரியைக் கழற்றினாள்.

ஓடியது.

மேலாளர் கட்டிலின் கால்மாட்டை வெறித்தார். அங்கே யாருமில்லை.

"தாயே, விட்டுடு... நான்தான்... அன்னிக்கு நான்தான் அமுக்கினேன்..."

பம்பு நின்றது. அவர் மூச்சும் நின்றது.

மனைவியின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

பொறியாளரின் கைபேசி அடித்தது. இயக்குநர்.

"நடு ரோட்டுல கார் நின்னுடுச்சும்மா. கதவும் திறக்கல. சான்றிதழ் பிழையாம், 'ஆனாலும் தொடரவா'ன்னு கேக்குது. நான் தனியா மாட்டிக்கிட்டேன். என்ன பண்ணட்டும்?"

அவள் வாயைத் திறக்குமுன், அவருடைய காருக்குள்ளிருந்தே ஒரு பெண் குரல் கேட்டது.

"அமுக்குங்க சார்."