கொஞ்சம் ஈரம்

"வீடு கொஞ்சம் ஈரமா இருக்குமாம். அவ்வளவுதான்" என்று சொல்லி அப்பா போனை வைத்தார்.

மகள் பிரையனி படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினாள்.

அக்டோபர் விடுமுறைக்குக் கடலோரம் போய் ஒரு வாரம் சும்மா இருப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி அதிக நாளாகவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அலைச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே ஆசை. இங்கிலாந்தின் மேற்குக் கோடியில், கார்ன்வாலில் போர்த்கென்னன் என்ற கிராமத்தில், மணலை ஒட்டியே ஒரு வீட்டை அப்பா வாடகைக்குப் பிடித்திருந்தார். வீட்டுக்காரம்மா மிசஸ் பென்ரோஸிடம்தான் இப்போது பேசி முடித்தார்.

அந்த நாட்டுப் பெரியவர்கள் எதையும் உள்ளபடி சொல்லிவிட மாட்டார்கள். கூரையே பறந்து போனாலும் 'கொஞ்சம் காற்று' என்பார்கள். அம்மாவும் அப்படித்தான். "கொஞ்சம் களைப்பா இருக்கு" என்று சொன்ன அன்று மாலையே ஆம்புலன்ஸ் வந்து அம்மாவை அழைத்துப் போனது. பிரையனி ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து யாராவது 'கொஞ்சம்' என்றாலே அவளுக்குப் பயம் வந்துவிடும்.

"எவ்வளவு ஈரம்னு கேளுங்கப்பா" என்றாள்.

திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த வீட்டுக்காரம்மா தப்பாக நினைப்பார் என்று சொல்லிவிட்டு அப்பா டீ போடப் போனார். அப்பாவுக்கு எந்தச் சங்கடம் வந்தாலும் டீ போட்டாக வேண்டும்.

பிரையனி போனை எடுத்தாள். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அதே எண்ணை அழுத்திவிட்டாள்.

"மிசஸ் பென்ரோஸ், நான் பிரையனி. புயல் அடிச்சா அலை வாசல் வரைக்கும் வருமா?"

"அது வந்து... எப்பவாவது கொஞ்சம்..."

"எங்கம்மாவால ஓட முடியாதுங்க."

போனில் கடற்பறவைகள் கத்துவது கேட்டது.

"வரும், கண்ணு" என்றார் மிசஸ் பென்ரோஸ். "போன வருஷம் அடுப்பங்கரைக்குள்ளயே வந்துடுச்சு. அம்மாவுக்கு முடியலைன்னு உங்கப்பா சொல்லவே இல்லையே. கொஞ்சம் ஓய்வு வேணும்னுதானே சொன்னாரு?"

மேட்டில் தன் தங்கை வீடு இருப்பதாகவும், அங்கே ஒரு படிகூடக் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் அலைச் சத்தம் கேட்கும் என்றும் அவரே சொன்னார்.

டீக் கோப்பைகளோடு வந்த அப்பா போனில் வந்த பேச்சைக் கேட்டுவிட்டார்; சங்கடத்தில் அவர் காது சிவந்திருந்தது. போனை வாங்கி, அம்மாவின் உடல்நிலையை ஒன்றுவிடாமல் சொல்லி, மேட்டு வீட்டையே பேசி முடித்தார்.

சோபாவில் படுத்திருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "பயந்துட்டியாடா?" என்று பிரையனியைக் கேட்டாள்.

'கொஞ்சம்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிரையனி அதை விழுங்கினாள்.

"ரொம்பப் பயந்துட்டேம்மா. அன்னைக்கு ஆம்புலன்ஸ் வந்தப்பவும்தான்."

அம்மா போர்வையை விலக்கி அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"நானும்தான்" என்றாள் அம்மா. "இனிமே உடம்புக்கு எதுன்னாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

அம்மா நிதானமாக யோசித்தாள். "தையல் வலிக்குது. ஆனா நேத்தைவிட இன்னைக்கு நல்லா இருக்கேன்."

பிரையனிக்கு அது போதும். மழைக்கோட்டும் நீச்சலுடையும் எங்கே இருக்கின்றன என்று தேடக் கிளம்பினாள்.