இரண்டாவது டிஸ்க்

அந்த அம்மாள் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க். மற்றொன்று, சொந்தத் தம்பி மீது போலீசில் கொடுப்பதற்காக அவர் எழுதிய புகார். மாலைக்குள் கொடுத்துவிடப் போவதாகவும், அதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னால் மனசு ஆறும் என்றும் சொன்னார்.

துப்பறிவாளரை எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வருகிற ஆசாமி. கூடவே இருக்கும் மைத்துனன் நேர்மாறு. பாதிக் கதையிலேயே குற்றவாளியைப் பிடித்துவிடுவான்.

வந்தவர் பேச்சுப் பயிற்சியாளர். தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரலை இழக்கப்போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிவு செய்து வைப்பார். பிறகு கணினி அதே குரலில் அவர்களுக்காகப் பேசும். மூன்று வருடங்களில் முப்பத்தெட்டுப் பேர். பதிவுகள் பத்திரமாக இருக்க, கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றும்போதே ரெய்டு போட்டிருந்தாராம்.

“ரெய்டா? யார் வீட்டுல?” என்றான் மைத்துனன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு டிஸ்கில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதவைக்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர் என்று விளக்கினார். ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும். போன மாதம் முதல் டிஸ்க் போய்விட்டது. இரண்டாவதைப் பார்த்தால் துடைத்து வைத்ததுபோல் காலி. கணினி இருந்த அறையின் சாவி அவரிடமும் தம்பியிடமும் மட்டுமே இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் இருவருக்கும் சண்டை.

“நேராவே கேட்டேன் சார். ‘நான் பார்த்திருக்கணும்க்கா’ன்னு சொல்லிட்டு, சாவியை வச்சுட்டுப் போயிட்டான். ஒத்துக்கிட்ட மாதிரிதானே?”

மைத்துனன் பலமாகத் தலையாட்டினான். நிதானம் டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். நான்கு டெராபைட். இரண்டும் ஒரே அளவா என்று கேட்டார். ஆமாம், ஒரே நாளில் வாங்கியவை. லினக்ஸ் ஏற்றி முடித்ததும் எவ்வளவு இடம் காட்டியது என்றார்.

“ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. பாதி நகலுக்குப் போயிடும்னு படிச்சிருந்தேன். அதனால சரின்னு விட்டுட்டேன். டிஸ்கைப் பகுதிகளா தானா பிரிக்கிற வழியை நம்பாம, நானே கையால பிரிச்சது சார்.”

நிதானம் டிஸ்கைத் தன் கணினியில் மாட்டிப் பத்து நிமிடம் பார்த்தார்.

“அழிச்சவன் ‘பார்த்திருக்கணும்’னு சொல்ல மாட்டான்ம்மா. கவனிக்காம விட்டவன் பேசுற பேச்சு அது. டிஸ்க் எவ்வளவு நேரம் ஓடுச்சு, எவ்வளவு எழுதுச்சுன்னு அதுவே கணக்கு வச்சுக்கும். இது மூணு வருஷம் ஓடியிருக்கு. ஆனா ஒண்ணுமே எழுதல. எழுதாததை யார் அழிக்க முடியும்?”

“அப்போ நகல் எங்க போச்சு அத்தான்?”

“நாலும் நாலும் எட்டு. அதுல பாதி நாலு. இவங்களுக்குக் காட்டினது ரெண்டு. அது எதுல பாதி?”

“ஒரே டிஸ்குல பாதி,” என்ற மைத்துனனின் குரல் இறங்கியது.

அம்மாளுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. டிஸ்குக்கு ஒன்றாக இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். அவரோ முதல் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, அந்த இரண்டையுமே ஜோடி சேர்த்திருந்தார். மூலமும் நகலும் ஒரே இடத்தில் இருந்தன, ஒன்றாகவே போய்விட்டன.

“பட்டியல்ல அந்தப் பகுதிகளோட பேரெல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு,” என்றார். “ஒரு எழுத்துதான் வித்தியாசம்.” முப்பத்தெட்டுப் பேருக்கும் இனி பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் முதலில் கேட்டது, தம்பி ஏன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை என்றுதான். அது தமக்குத் தெரியாது, அவரையே கேளுங்கள் என்று நிதானம் தொலைபேசியை நகர்த்தி வைத்தார்.

மணி அடித்துத் தம்பி எடுத்ததும் அம்மாளுக்கு அழுகை முந்திக்கொண்டது. “நான்தான்டா. நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்.”

“தெரியும்க்கா,” என்றான் தம்பி. “அன்னைக்கே அந்த டிஸ்கைப் பார்த்துட்டேன். நீ ஏற்கெனவே மனசு உடைஞ்சு போயிருந்தே. நான் பண்ணினதாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”