வாய்க்காலில் நீட்டிய கை

ஜாம்பெசி ஆற்றின் அந்தக் கிளைவாய்க்காலில் மீன்பிடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. தடையெல்லாம் ஊராருக்குத்தான், தனக்கில்லை என்பது காவல் அதிகாரி ஹாங்காலாவின் நினைப்பு. அன்று மதியம் சாப்பிட்ட கையோடு ஏப்பம் விட்டபடி வந்து ரோந்துப் படகில் ஏறினார். ஓட்ட வேண்டியவள் நான்.

அந்த ஆளை எனக்கு என்றைக்கும் பிடிக்காது. காஷிமானி செத்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. காஷிமானி அக்கரைக் கிராமத்து மீனவன். இதே வாய்க்காலில் திருட்டுத்தனமாக வலை போட வந்தபோது நீர்யானை அவன் தோணியைக் கவிழ்த்துவிட்டது. தண்ணீரில் தத்தளித்தபடி கையை நீட்டினானாம். ஹாங்காலா படகை நகர்த்தாமல் வேடிக்கை பார்த்தாராம். முதலை இழுத்துப் போய்விட்டது. இதை அவரே எங்களிடம் சொன்னார், ன்ஷிமாக் களியை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

வாய்க்காலுக்குள் நுழைந்து எஞ்சினை அணைத்தேன். கொளுத்தும் வெயில். நாணலில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. சேற்று வாடைக்கு நடுவே ஏதோ அழுகிய நாற்றம்.

ஹாங்காலா புலிமீனுக்குத் தூண்டில் வீசினார். வீசியதும் கழி வளைந்தது.

"பெருசு மாட்டிருக்கு, சூல்வே. பாரு," என்றார் என்னிடம்.

புலிமீன் மாட்டினால் துள்ளும், திமிறும். இது துள்ளவில்லை. கனமாக, நிதானமாக, படகை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தூண்டிலின் தங்கூஸ் நரம்பு தொய்ந்தது.

"ஐயா... கையக் குடுங்கய்யா."

குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

ஹாங்காலா தூண்டிலை நழுவவிட்டார். அப்போதும் அந்த மனுஷனுக்கு வாய் அடங்கவில்லை.

"செத்தும் திருட்டுப்புத்தி போகலையாடா உனக்கு?"

படகின் விளிம்பைப் பிடித்தபடி விரல்கள் மேலே வந்தன. ஊறி வெளுத்த விரல்கள்.

அவர் துடுப்பால் ஓங்கி அடித்தார். விரல்கள் துடுப்பைப் பற்றின. அப்படியே தலைகுப்புற உள்ளே போனார்.

மேலே வந்தபோது அழுதுகொண்டிருந்தார். "சூல்வே... கையக் குடும்மா. உன் கால்ல விழறேன்."

ஒரு கணம் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது புரிந்தது. ஆனால் இந்த ஆளைப் போல நானும் ஆவதா? கையை நீட்டினேன்.

இழுக்க முடியவில்லை. ஒரு மனிதனின் கனமில்லை அது. முழங்காலை விளிம்பில் முட்டுக்கொடுத்து இழுத்தேன்.

ஏறி விழுந்தது அவர் ஒருவர்தான்.

படகு மட்டும் இரண்டு முறை அமிழ்ந்து எழுந்தது.

நடந்ததை யாரிடமும் சொல்லாதே என்று கரை வரை கெஞ்சினார். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே மூட்டையைக் கட்டி லுசாகா பஸ்ஸில் ஏறி ஓடிப்போனார்.

ரோந்துக்கு இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி ஓட்டும்போது கனமில்லாத முன்பக்கம் மேலே தூக்க வேண்டும்.

தூக்குவதில்லை.

எனக்கு எதிரே, ஆளில்லாத பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது.