நாலாவது பக்கம்

வாத்தியார் ஏற்கெனவே வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். வாத்தியாருக்குக் கழுத்துக்குக் கீழே அசைவே கிடையாது, அதுதான். மதிய டியூட்டிக்கு வந்த நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு அவரைத் திருப்பத்தான் போயிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகுத் தோல் வெந்து புண்ணாகிவிடும். போனவள் அப்படியே நின்றாள். முழங்கால்களுக்கு நடுவே மடித்த தலையணை, மெத்தையில் படாத குதிகால், ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துவிட்ட விரிப்பு. அவளே செய்திருந்தாலும் இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. தோள்பட்டையில் மட்டும், உடுப்பின் மேல், ஈரமாக ஒரு உள்ளங்கைத் தடம் இருந்தது.

"வாத்தியாரை நீங்க திருப்பினீங்களாக்கா?"

கேட்டது வார்டு ஆயாவிடம். ஓயாமல் பேசுவதால் ஆயாவுக்கு ரேடியோ என்று பெயர்.

"நான் எங்க திருப்பினேன்? எனக்கே இடுப்பு பிடிச்சுக் கிடக்கு. நீங்கதான் பண்ணீங்கன்னு நெனச்சேன்."

காலை டியூட்டிக்காரி மதியத்துக்காரியை நினைத்துக்கொண்டாள், மதியத்துக்காரி இரவுக்காரியை. நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிற இடத்தில், பழம் நழுவிப் பாலில் விழுந்தால் நழுவவிட்டது யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. எல்லோரும் தாங்களே திருப்பியதாகக் கையெழுத்துப் போட்டார்கள். மாதக் கடைசியில் அந்த ஆஸ்பத்திரியின் கிளைகள் அத்தனையிலும் ஒரு படுக்கைப்புண்கூட இல்லாத வார்டு இதுதான் என்று அறிக்கை வந்தது. நர்சுகளுக்கெல்லாம் தலைமையான மேட்ரன், அவள் சட்டையில் 'சிறந்த பராமரிப்பு' என்று எழுதிய பேட்ஜைக் குத்திவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

சிரித்து வைக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. சுவரோரக் கட்டிலில் தையல்காரர், அடுத்து வாத்தியார், அதற்கடுத்த கட்டிலில் அவளுடைய அப்பா. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். ஊழியரின் தகப்பன் என்பதால் அவள் வார்டிலேயே கட்டில் கொடுத்திருந்தார்கள். நான் யாரையும் தொடவே இல்லை என்று சொன்னால் அடுத்த நாளே அவளை வேறு கட்டிடத்துக்குத் தூக்கியடிப்பார்கள். அப்பா இங்கே தனியாகக் கிடப்பார். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம். அதன்பிறகு அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, பார்வையாளர்கள் போய், கட்டில்களைச் சுற்றித் திரைகளை இழுத்துவிட்டபின் வார்டு முழுக்க மின்விசிறிகளின் கிறீச்சொலியும் மருந்து வாடையும் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மந்தமான வேளையில், ஏதோ ஒரு திரைக்குப் பின்னாலிருந்து விரிப்பை உதறி இழுக்கிற சத்தம் வரும். பட். ஓடிப்போய்த் திரையை விலக்குவாள். அப்போதுதான் கழுவிய கையின் சோப்பு வாசனை இருக்கும். நோயாளி புதுப்பக்கம் திரும்பி, ஓடி வந்தவரைப் போல மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

"யாருப்பா உங்களைத் திருப்புறது?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால் உயரமான ஒருவர் நின்றால் முகம் எங்கே இருக்குமோ அங்கே பார்த்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் தையல்காரர் குப்புறக் கிடந்தார். முகம் தலையணைக்குள் நேராகப் புதைந்திருந்தது. கணுக்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. உடம்பு இன்னும் சூடாக இருந்தது, உயிர் இல்லை.

"டாக்டர் வந்து பாத்தா யாரு இப்படிப் போட்டதுன்னு கேப்பாரு சிஸ்டர்," என்றாள் ரேடியோ. அன்று அவள் பேசியது அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து அவரை மல்லாக்கத் திருப்பினார்கள். டாக்டர் வந்து, இதயம் நின்றுவிட்டது என்றார்.

அடுத்த வாரம் வாத்தியார். அதேபோல். அவரையும் திருப்பினார்கள். தலையணையில் அவர் மூக்கும் வாயும் ஈரமாகப் பதிந்திருந்ததை நர்ஸ் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இடம், மல்லாக்க, வலம் என்று நர்சுகள் மூன்று பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனித உடம்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வந்திருப்பது எதுவோ, அது வேலையில் குறை வைக்காதது.

அடுத்த கட்டில் அப்பா.

மேட்ரனிடம் ஓடினாள். "மேடம், அவங்களைத் திருப்புறது நாங்க இல்ல."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "தரம் பாக்க மேலிடத்துல இருந்து வர்றாங்க. வார்டுல ஒரு புண்ணு இருக்கா?"

"இல்ல மேடம். அப்பாவை மட்டும் வேற வார்டுக்கு மாத்திக் கொடுங்க."

"அவங்க வந்து போகட்டும், பாக்கலாம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நல்லா செய்றவங்களை ஏம்மா தொந்தரவு பண்றே?"

யாரைச் சொல்கிறார் என்று கேட்காமலே அவள் திரும்பி நடந்தாள்.

லீவு போட்டாள். பேட்ஜைக் கழற்றிவிட்டு, சாதாரண உடையில், நோயாளியின் மகளாக வந்து உட்கார்ந்தாள். இரவும் பகலும் கண்ணிமைக்காமல் காவல் இருந்தாள். அழைப்பு மணியின் பொத்தானை அப்பாவின் இடது கையில் துணியால் கட்டினாள்.

"அது வந்தா அமுக்குங்கப்பா. நான் இங்கயேதான் இருக்கேன்."

கட்டிலை ஒட்டி, துணைக்கு இருப்பவர்கள் படுக்கிற தாழ்வான குறுகிய கட்டில். அதில் சாய்ந்தபடி, அசைவில்லாத அவரது வலது கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். மதியம். திரை. மின்விசிறியின் கிறீச்சொலி. எத்தனை நாள்தான் ஒரு உடம்பு தூங்காமல் இருக்கும். கொஞ்சம் கண்ணை மூடினாள்.

விழித்தபோது இருட்டாக இருந்தது.

இருட்டு இல்லை. தலையணை.

மூச்சை இழுத்தாள். துணிதான் வாய்க்குள் வந்தது. தலையைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. விரல்கூட அசையவில்லை. கணுக்காலுக்கு அடியில் ஏதோ சுருட்டி வைத்திருந்தது. கால்விரல்கள் எதிலும் படவில்லை. வலியே இல்லை. எங்கும் அழுத்தவில்லை. முதுகில் ஈரமாக ஒரு கை, அவள் உடுப்பின் சுருக்கத்தை நீவிவிட்டது.

சோப்பு வாசனை.

மேலே அப்பாவின் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

செருப்புச் சத்தம். ரேடியோவின் நடை. திரை கொஞ்சம் விலகியது. அக்கா, என்று கத்தினாள். தலையணைக்குள் கத்தினாள்.

"அட, மகதான் பக்கத்துலயே படுத்திருக்காளே," என்றாள் ரேடியோ, பாசமாக. "பாவம், அசந்து தூங்குது. அவ பாத்துக்குவா பெரியவரே." மணியின் சுவிட்சை அணைத்தாள். திரையை ஒழுங்காக மூடிவிட்டுப் போனாள்.

செருப்புச் சத்தம் தேய்ந்தது.

முதுகிலிருந்து அந்தக் கை எடுபட்டது.

மேலே அப்பாவின் கட்டிலில் விரிப்பு உதறும் சத்தம். பட்.

பிறகு, அவள் கைக்குள் கோத்திருந்த அப்பாவின் விரல்களை அது ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது. அவசரமில்லாமல். அவளுக்குக் கொஞ்சமும் வலிக்காமல்.